புவி சூடான கதை – 17: எட்டாம் அத்தியாயம்

1996ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேட்டில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஃபிரெடெரிக் சைட்ஸ். அமெரிக்க அறிவியல் உலகில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. திண்மப்பொருள் இயற்பியலுக்கு 1940இலேயே பாடநூல் எழுதியவர்; 1960களில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் தலைவர்; பிறகு ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவர். எண்பதைக் கடந்த அந்த மூத்த விஞ்ஞானி கடுமையான குற்றச்சாட்டு ஒன்றை வைத்தார். ஐ.நா.வின் காலநிலைக் குழு அப்போதுதான் வெளியிட்டிருந்த அறிக்கையின் எட்டாம் அத்தியாயம், விஞ்ஞானிகளின் மதிப்பாய்வு முடிந்த பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. சந்தேகங்களைச் சொன்ன வரிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அறுபதாண்டு அறிவியல் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான முறைகேட்டைத் தாம் கண்டதே இல்லை என்றார். இதில் பெரும்பொறுப்பு அந்த அத்தியாயத்தின் முதன்மை ஆசிரியருக்கே என்று பெயரையும் குறிப்பிட்டார்: பென் சாண்டர்.

சாண்டர் அப்போது நாற்பது வயதைச் சற்றே கடந்த ஆராய்ச்சியாளர். கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில், கணினி மாதிரிகள் சொல்வதையும் கருவிகள் பதிவு செய்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவருடைய துறைக்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு அவரைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும், விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் குரல்கள் எழுந்தன.

1988 ஜூன் 23 அன்று, வாஷிங்டன் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, செனட் குழுவின் முன் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், பூமி சூடாகிவருகிறது என்று சாட்சியம் சொன்னதை முன்பு பார்த்தோம். ஹான்சனோடு மோதியவர்கள் பெரும்பாலும் அவருடைய கணக்கோடு மோதினார்கள். எட்டாண்டுகள் கழித்து சாண்டர் விஷயத்தில் தாக்கப்பட்டது ஒரு மனிதரின் நேர்மை. புவி சூடாவதற்கு மனிதர்கள்தான் காரணமா என்ற பொதுவெளிச் சண்டையின் குணம் மாறிய இடம் இது. அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் அந்த ஒரு அத்தியாயத்துக்கே கொடுக்கிறேன்.

அதில் அப்படி என்னதான் இருந்தது?

உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 1988இல் உருவாக்கிய ஐ.பி.சி.சி. என்ற அரசுகளுக்கிடையேயான குழு, 1990இல் தன் முதல் அறிக்கையைக் கொடுத்தது. பூமி சூடாகியிருக்கிறது, கரியமில வாயு கூடிவருகிறது, இரண்டும் உண்மை என்றது. ஆனால் முதலாவதுக்கு இரண்டாவதுதான் காரணம் என்று ஐயமறச் சொல்ல இன்னும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்று அடக்கமாக நிறுத்திக்கொண்டது. நியாயமான எச்சரிக்கை. வெப்பநிலை தானாகவும் ஏறி இறங்கும். சூரியன் கொஞ்சம் பிரகாசமாகலாம், எரிமலை வெடிக்கலாம், பசிபிக் பெருங்கடலில் எல் நினோ வந்து போகலாம். வெறும் தெர்மாமீட்டர் ஏறியதை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்க முடியாது.

குற்றவாளியைப் பிடிக்க வழி சொன்னவர் ஜெர்மானியர் கிளவுஸ் ஹாசல்மான். ஹாம்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தில் இருந்தவர். சாண்டர் அவரிடம் பணியாற்றிக் கற்றவர். பூமியின் சராசரி வெப்பம் எவ்வளவு ஏறியது என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்ற வடிவத்தைப் பாருங்கள் என்றார் ஹாசல்மான். ஒவ்வொரு காரணமும் காற்று மண்டலத்தில் தன் கைரேகையை விட்டுச் செல்கிறது.

சூரியன் பிரகாசமானால் காற்று மண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். எரிமலை வெடித்தால் கந்தகத் துகள்கள் மேலே போய் வெயிலை மறைக்கும். தரை குளிரும், அடுக்கு மண்டலம் சூடாகும். பிலிப்பைன்ஸில் 1991 ஜூனில் பினடூபோ வெடித்தபோது இதுவே நடந்தது. கரியமில வாயு கூடினால் நடப்பது வேறு. அது கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே அடுக்கு மண்டலத்தில் வெப்பத்தை விண்வெளிக்குக் கூடுதலாக வெளியேற்றுகிறது. அதனால் தரையும் அடிவளி மண்டலமும் சூடாகும். அடுக்கு மண்டலம் குளிரும். ஸ்யுகுரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும் 1967இல், இன்றைய கைப்பேசியின் திறனில் சிறு பங்குகூட இல்லாத கணினியில், இதைக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

சாண்டரும் உடனிருந்தவர்களும் வானிலை பலூன்கள் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்த அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். கீழே சூடு, மேலே குளிர். அந்த வடிவம் தெரிந்தது. ஓசோன் குறைந்தாலும் மேலே குளிரும் என்பதால் அதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஆலைப் புகையின் கந்தகத் துகள்கள் வட அரைக்கோளத்தில் சூட்டை ஓரளவு மறைப்பதையும் சேர்த்தார்கள். சேர்க்கச் சேர்க்கக் கணக்குக்கும் அளவுக்கும் இடையே பொருத்தம் கூடியது. இயற்கையின் தற்செயலான ஏற்ற இறக்கத்தால் இப்படி ஒரு வடிவம் தானாக வந்திருக்குமா என்று மாதிரிகளை நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களும் வெப்பத்தைப் பிடித்து வைப்பவை என்று 1975இல் கண்டு சொன்னவர். 1980இல் ரோலண்ட் மேடனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, கரியமில வாயுவால் வரும் சூடு 2000ஆம் ஆண்டுக்குள் பதிவுகளில் தெரிந்துவிட வேண்டும் என்று கணித்தது. 1995இல் தெரிந்துவிட்டது. ஒரு கணிப்பு வெளிப்படையாக வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மெய்யானது. அறிவியலில் இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது.

1995 நவம்பர் 27. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரம். இரண்டாம் அறிக்கையை முடிவுசெய்ய ஐ.பி.சி.சி.யின் முதல் பணிக்குழு கூடியது. 96 நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். தலைமை வகித்தவர் பிரிட்டனின் ஜான் ஹௌட்டன். எண்ணெய், நிலக்கரித் தொழில்களின் ஆட்கள் பார்வையாளர் இருக்கைகளில் அமர்ந்திருந்தார்கள். அறிக்கையின் அத்தியாயங்கள் விஞ்ஞானிகள் எழுதுபவை. ஆனால் ஆட்சியாளர்களுக்கான சுருக்கத்தை வரிவரியாக எல்லா அரசுகளும் ஏற்க வேண்டும். ஒரே ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் வரி நகராது.

முதல் நாள் பிற்பகல் சாண்டர் எழுந்து தம் அத்தியாயத்தின் முடிவுகளை விளக்கினார். சவூதி அரேபியாவும் குவைத்தும் எதிர்த்தன. சான்று போதாது, முடிவு அவசரமானது, சந்தேகங்களை முன்னால் வைக்க வேண்டும் என்றார்கள். எண்ணெய் விற்று வாழும் நாடுகளின் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் சச்சரவைத் தீர்க்க ஹௌட்டன் ஒரு சிறு குழுவை அமைத்து, வந்து உட்கார்ந்து பேசுங்கள் என்றபோது, சவூதித் தரப்பிலிருந்து ஆள் வரவில்லை. குழு வேலையை முடித்து வரைவைக் கொண்டுவந்ததும், பொது அவையில் மீண்டும் எதிர்த்தார்கள். சந்தேகம் கொண்டவர் சான்றைப் பார்க்க வருவார். பார்க்கவே வராமல் சந்தேகத்தை மட்டும் பதிவு செய்ய விரும்புபவரின் நோக்கம் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் முப்பதாண்டுக் கதைக்கும் இது தேவைப்படும்.

மூன்றாம் நாள் இரவு வரை ஒரே ஒரு வாக்கியத்தைச் சுற்றி வாதம் நடந்தது. மனிதத் தாக்கம் எத்தகையது என்பதைச் சொல்ல எந்த அடைமொழியைப் போடுவது என்பதில் உடன்பாடு வரவில்லை. பலவற்றையும் போட்டுப் பார்த்து, கடைசியில் ஐ.பி.சி.சி.யின் தலைவர் சுவீடன் நாட்டு பெர்ட் போலின் முன்மொழிந்ததை ஏற்றார்கள். சான்றுகளை எடைபோட்டால் உலகக் காலநிலையில் மனிதத் தாக்கம் புலப்படுகிறது என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். எவ்வளவு நிதானமான வாக்கியம் என்று பாருங்கள். நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லவில்லை. பெருமளவு என்று சொல்லவில்லை. புலப்படுகிறது, அவ்வளவுதான். இதைத்தான் அறிவியலுக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்று பிறகு தூற்றினார்கள்.

இனி சைட்ஸின் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

எட்டாம் அத்தியாயம் மாட்ரிட் கூட்டத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. விஞ்ஞானிகளும் அரசுகளும் அனுப்பிய கருத்துகளையும், கூட்டத்தில் எழுந்த கருத்துகளையும் பார்த்து ஆசிரியர்கள் அத்தியாயத்தைச் செப்பனிட வேண்டும் என்பது ஐ.பி.சி.சி.யின் நடைமுறை. மாட்ரிட் விவாதம் முடியும்வரை அத்தியாயங்களை இறுதிசெய்யக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதிக் கேட்டிருந்தது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு சுருக்கமும் முடிவில் இன்னொரு சுருக்கமும் இருந்தன. மற்ற எந்த அத்தியாயத்திலும் முடிவில் சுருக்கம் இல்லாததால் அதை நீக்கினார்கள். சைட்ஸ் காணவில்லை என்று முறையிட்ட வரிகளின் கருத்து போய்விட்டதா? போகவில்லை. என்னென்ன தெரியவில்லை, எங்கெங்கே கணக்குத் தடுமாறுகிறது என்பதெல்லாம் அச்சான அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

வெளியே நின்று பார்க்கும் ஒருவருக்கு, மதிப்பாய்வு முடிந்த பிரதியில் கைவைப்பது உறுத்தலாகத்தான் இருக்கும். ஆய்விதழ்களில் அப்படிச் செய்வதில்லை. ஆகவே கேள்வி கேட்டதில் பிழை இல்லை. கேட்ட முறைதான் பிழை. சைட்ஸ் அந்த அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவர் அல்லர். மாட்ரிட் கூட்டத்திலும் இல்லை. காலநிலை அவருடைய துறையும் அல்ல. ஒருவரின் நேர்மையை நாடறியச் சந்தைக்கு இழுக்கும் முன், அந்த ஒருவரிடம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

சாண்டர் பதில் எழுதினார். உடன் பணியாற்றிய நாற்பது விஞ்ஞானிகள் கையொப்பமிட்டார்கள். ஜூன் 25 அன்று கடிதம் வந்தது. ஆனால் வெட்டப்பட்டு வந்தது. நாற்பது பேரின் பெயர்களும் இல்லை. துறையின் ஒட்டுமொத்தக் குரலாக எழுதப்பட்டது, குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் தற்காப்பு போல அச்சில் நின்றது. போலினும் ஹௌட்டனும் எழுதிய கடிதத்துக்கும் கத்தரி விழுந்தது. அமெரிக்க வானிலையியல் கழகம் தன் இதழில் கடிதங்களை முழுமையாக, நாளேடு வெட்டிய பகுதிகளையும் அடையாளம் காட்டி வெளியிட்டு, சாண்டருக்கு ஆதரவாக நின்றது. அந்த இதழைப் படித்தவர்கள் விஞ்ஞானிகள். நாளேட்டைப் படித்தவர்கள் தொழிலதிபர்கள், செனட்டர்கள், முதலீட்டாளர்கள். யார் காதில் எது விழுந்தது என்பதில்தான் இந்த வரலாறே இருக்கிறது.

சைட்ஸின் கட்டுரை வானத்திலிருந்து விழவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே உலகக் காலநிலைக் கூட்டணி என்ற அமைப்பு, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஓர் அறிக்கையைச் சுற்றுக்கு விட்டிருந்தது. ஐ.பி.சி.சி. அறிவியல் சுத்திகரிப்பு நடத்துகிறது என்று அதன் தலைப்பு குற்றம் சாட்டியது. போஸ்னியாவில் இனச் சுத்திகரிப்பின் பெயரால் புதைக்கப்பட்டவர்களின் குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கொடுமைக்கு உரிய சொல்லை ஓர் ஆராய்ச்சியாளரின் மேல் வீசக் கூசவில்லை.

பெயரைக் கேட்டால் காலநிலையைக் காக்கப் புறப்பட்டவர்கள் போலத் தோன்றும். 1989இல் தொடங்கப்பட்ட அந்தக் கூட்டணியில் எக்ஸான், ஷெல், டெக்ஸாகோ, பி.பி. ஆகிய எண்ணெய் நிறுவனங்களும், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய கார் நிறுவனங்களும், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனக் கழகமும், நிலக்கரி, மின்சாரத் துறைகளின் சங்கங்களும் இருந்தன. 1997இல் மட்டும் அதன் பட்ஜெட் 16 லட்சத்து 80 ஆயிரம் டாலர்.

இன்னொரு முயற்சி 1991இல் நடந்தது. நிலக்கரி, மின்சார நிறுவனங்களின் பணத்தில் ஒரு தகவல் மன்றம் அமைக்கப்பட்டது. புவி வெப்பமாதலை உண்மை என்ற இடத்திலிருந்து இறக்கி, வெறும் கோட்பாடு என்ற இடத்தில் உட்கார வைப்பது அதன் எழுதப்பட்ட நோக்கம். படிப்புக் குறைந்த முதிய ஆண்களையும் வருமானம் குறைந்த இளம்பெண்களையும் குறிவைக்க வேண்டும் என்று திட்டத்தாளில் இருந்தது. சில அமெரிக்க நகரங்களில் வானொலியிலும் நாளேடுகளிலும் விளம்பரங்கள் வந்தன. பூமி சூடாகிறது என்றால் மினியாபொலிஸ் ஏன் குளிர்கிறது என்று ஒரு விளம்பரம் கேட்டது. திட்டத்தாள் வெளியே கசிந்ததும் அந்த மன்றம் கலைந்தது. உத்தி கலையவில்லை.

அந்த உத்தியின் ஊற்றுக்கண் சிகரெட் தொழில். புகைப்பது புற்றுநோய் தரும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அதை மறுத்து நிரூபிக்கச் சிகரெட் நிறுவனங்களால் முடியவில்லை. மறுக்கத் தேவையும் இருக்கவில்லை. இன்னும் முடிவாகவில்லை, விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருக்கிறது என்று மக்களை நம்ப வைத்தால் போதும். சட்டம் தள்ளிப்போகும், விற்பனை நடக்கும். சைட்ஸ் 1979 முதல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்தின் மருத்துவ ஆய்வு நிதியை வழிநடத்தினார்; 4.5 கோடி டாலர் நிதி அது. அந்தப் பணத்தில் நல்ல ஆய்வுகளும் நடந்தன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸ்டான்லி புரூசினருக்கும் அதில் உதவி கிடைத்தது. நோய்க்குக் காரணங்கள் பல, சிகரெட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்று காட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு அந்த ஆய்வுகள் பயன்பட்டன.

சைட்ஸைக் கூலிக்கு மாரடித்தவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவரும் ராபர்ட் ஜாஸ்ட்ரோவும் வில்லியம் நீரன்பெர்க்கும் 1984இல் ஜார்ஜ் மார்ஷல் நிறுவனத்தைத் தொடங்கியது, அதிபர் ரேகனின் விண்வெளிப் போர்த் திட்டத்துக்கு ஆதரவு திரட்ட. பனிப்போரில் வளர்ந்து, சோவியத் ஒன்றியத்தை வெல்வதையே வாழ்வின் பொருளாகக் கொண்டவர்கள் அவர்கள். சுற்றுச்சூழல் சட்டம் என்ற பெயரில் அரசு தொழிலைக் கட்டுப்படுத்துவதை, சோஷலிசம் கொல்லைப்புற வழியாக வருவதாகப் பார்த்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் நவோமி ஒரெஸ்கஸும் எரிக் கான்வேயும் 2010இல் எழுதிய நூலில் காட்டுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. நம்பிக்கை சான்றை முந்திக்கொண்டால் பெரிய மூளையும் வழிதவறும். புவி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்று 1989இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் மரியாதையோடு படிக்கப்பட்டது.

தொழில் கூட்டணியின் கதை வேறு. அங்கே நம்பிக்கையும் கிடையாது.

1995 டிசம்பரில், மாட்ரிட் கூட்டம் முடிந்த சில வாரங்களில், அந்தக் கூட்டணியின் சொந்த அறிவியல் ஆலோசகர்கள் உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கக் குறிப்பைத் தயாரித்தார்கள். தயாரிப்பை முன்னின்று நடத்தியவர் மொபில் நிறுவனத்தின் விஞ்ஞானி. மனிதர் வெளியிடும் வாயுக்கள் காலநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதற்கான அறிவியல் அடிப்படை உறுதியானது, மறுக்க முடியாதது என்று அந்தக் குறிப்பு சொன்னது. சூரியன்தான் காரணம் என்பது போன்ற எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவை நம்பத்தக்கவையாக இல்லை என்றும் சொன்னது. எதிர்வாதங்களை ஆராய்ந்த அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் கூட்டணி அந்தக் குறிப்பைப் பயன்படுத்தியது. தங்கள் விஞ்ஞானிகள் தங்களிடம் சொன்ன உண்மையை அலமாரியில் பூட்டிவிட்டு, அடுத்த ஆறே மாதங்களில் சாண்டர் உண்மையை மறைக்கிறார் என்று ஊருக்குச் சொன்னார்கள். கார் நிறுவனங்கள் தொடுத்த வழக்கு ஒன்றில் இந்த ஆவணம் வெளிவந்து, 2009 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டபோது, கூட்டணி கலைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொய் சொன்னவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். அதைக் கேட்டு அப்படியே அச்சிட்டவர்களின் பங்கும் பெரிது. இரு தரப்பையும் கேட்பது பத்திரிகைத் தொழிலின் அடிப்படை நெறி. தேர்தலுக்கு அது பொருந்தும், நிலத்தகராறுக்குப் பொருந்தும். ஆயிரம் ஆய்வுகள் ஒருபுறமும் ஒரு தொழில் கூட்டணியின் அறிக்கை மறுபுறமும் நிற்கையில், இரண்டுக்கும் சமமாக இடம் ஒதுக்கினால் வாசகருக்குக் கிடைப்பது பொய்யான சித்திரம். மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் என்ற சகோதரர்கள் 1988 முதல் 2002 வரை நான்கு பெரிய அமெரிக்க நாளேடுகளில் வந்த செய்திகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட செய்திகள் இரு தரப்புக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்திருந்தன. அதே ஆண்டு ஒரெஸ்கஸ் 928 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தார். மனிதர் காரணம் என்பதை மறுத்த ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஆய்வகத்தில் ஒரு நிலவரம், தேநீர் மேசையில் இன்னொரு நிலவரம். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் பட்ட கடன் இது என்றே கருதுகிறேன்.

அப்படியானால் விஞ்ஞானிகளுக்குள் சண்டையே இல்லையா? இருந்தது, சூடாகவே இருந்தது. 1990இல் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியும் நாசாவின் ராய் ஸ்பென்சரும் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து, அடிவளி மண்டலம் சூடாகவே இல்லை என்றார்கள். தொண்ணூறுகள் முழுவதும் இது பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. மாதிரிகள் தவறா, தரை அளவுகள் தவறா, செயற்கைக்கோள் தவறா? 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபலும் ஒரு காரணத்தைக் கண்டார்கள். மிக மெல்லிய காற்றின் உராய்வால் செயற்கைக்கோள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழிறங்குகிறது. அதைக் கணக்கில் எடுக்காததால் இல்லாத குளிர்ச்சி தெரிந்திருக்கிறது. 2005இல் இன்னொரு பிழை வெளிப்பட்டது. செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நகர்ந்துகொண்டே போவதற்குச் செய்த திருத்தம் தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் பிழையை ஒப்புக்கொண்டு எண்களைத் திருத்தினார்கள். திருத்திய எண்களும் சூட்டையே காட்டின. அவர்கள் இன்றுவரை பெரும்பான்மைக் கருத்தோடு உடன்படாதவர்கள். ஆனாலும் பிழை அவர்களிடம் காட்டப்பட்டபோது மாற்றினார்கள். அந்த அளவுக்கு அது உண்மையான கருத்து வேற்றுமை.

சாண்டரின் ஆய்வுக்கும் அப்படியொரு எதிர்ப்பு வந்தது. 1996 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த அவருடைய கைரேகைக் கட்டுரை 1963 முதல் 1987 வரையிலான பலூன் அளவுகளைப் பயன்படுத்தியது. ஆண்டுகளை முன்னும் பின்னும் நீட்டினால் பொருத்தம் குறைகிறது என்று பாட்ரிக் மைக்கேல்ஸும் பால் நாப்பன்பெர்கரும் அதே இதழில் எழுதினார்கள். அங்கேயே சாண்டர் தரப்பு பதில் சொன்னது. எண்ணுக்கு எண், படத்துக்குப் படம். சைட்ஸின் கட்டுரையில் அப்படிப்பட்ட எண்ணும் இல்லை, படமும் இல்லை.

சாண்டருக்கு 1998இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அவதூறு நின்றுவிடவில்லை. பின்னாளில் ஓர் இரவு கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தபோது, வாசலில் செத்த எலி ஒன்று கிடந்ததையும், போட்டவன் காரில் ஏறி வசைபாடிக்கொண்டே போனதையும் அவர் சொல்லியிருக்கிறார். வெப்பநிலைப் பதிவுகளைப் படித்ததற்குக் கிடைத்த கூலி.

இந்தக் கூச்சல் யாருக்குப் பயன்பட்டது என்பதை 1997ஆம் ஆண்டு காட்டியது. கியோட்டோ நகரில் டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் ஆகவேண்டும்; வளர்ந்த நாடுகள் முதலில் புகையைக் குறைக்க வேண்டும் என்று 1995இல் பெர்லின் மாநாட்டில் முடிவாகியிருந்தது. அங்கே தலைமை வகித்தவர் அன்று ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்கல். தொழில் கூட்டணியும் அதன் தோழமை அமைப்புகளும் இப்போது வாதத்தை மாற்றின. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கட்டுப்பாடு இல்லாதபோது நமக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் விளம்பரங்களுக்கு 1.3 கோடி டாலர் செலவிட்டார்கள். காற்றில் அதுவரை சேர்ந்திருந்த கரியமில வாயுவின் பெரும்பங்கு யாருடைய ஆலைகளிலிருந்து வந்தது என்று எந்த விளம்பரமும் சொல்லவில்லை. 1997 ஜூலை 25 அன்று அமெரிக்க செனட், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குத் தீங்கு செய்யும் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 95, எதிர்ப்பு பூஜ்யம்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் பி.பி.யின் தலைவர் ஜான் பிரௌன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, இந்தத் தொடர்பைப் புறக்கணிக்க முடியாது, இப்போதே முன்னெச்சரிக்கை தேவை என்றார். பி.பி. கூட்டணியை விட்டு வெளியேறியது. ஷெல்லும் ஃபோர்டும் பின்னால் போயின. எக்ஸான் தங்கியது.

1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் உலகப் பெட்ரோலிய மாநாடு நடந்தது. எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட் பேசினார். இருபதாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று பூமி குளிர்ந்தே இருக்கிறது என்று அவர் அங்கே கூடியிருந்தவர்களிடம் சொன்னார். காற்றில் கரியமில வாயு எந்த ஆண்டில் எவ்வளவு கூடும், பூமி எவ்வளவு சூடாகும் என்று அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1982இலேயே வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2020வாக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி என்ற அவர்கள் கணக்கு பெருமளவு சரியாகவே இருந்தது. ரேமண்ட் பேசியபோது கியோட்டோ மாநாடு தொடங்க ஏழு வாரங்களே இருந்தன.

(தொடரும்)